வத்துலோலோ கரையில் ஒரு ஓலை

போர்ட் விலா
1991 பிப்ரவரி 11

அன்புள்ள எட்னாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ இதை அடுப்பில் போடாமல் பிரித்திருந்தால் அதுவே எனக்குப் பெரிய மரியாதை. பத்து வருடத்துக்கு மேல் ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். நினைப்பது சரிதான். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது என்பதாவது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நம் கரையில் ஓட்டல் கட்ட ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்திருக்கிறது. ஐம்பது அறை, பவளத்திட்டை வெட்டிப் படகுத்துறை, நம் பிள்ளைகளுக்கு வேலை. கட்சி இதற்கு வாக்குக் கொடுத்துவிட்டது. கட்சி என்றால் நான். அடுத்த தேர்தலில் என் பெயர் பட்டியலில் இருக்குமா என்பதே இந்தப் படகுத்துறையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அளவெடுக்கப் போனவர்கள் மூன்று தடவை வந்த வழியே திரும்பிவிட்டார்கள். அவர்கள் கூட்டிப்போன மாலகுலா தீவு ஆட்கள் தண்ணீரில் கால் வைக்க மறுக்கிறார்களாம். "கரைல நமேலே ஓலை வெச்சிருக்கு. வெச்சவன் வந்து எடுக்கட்டும், அப்பறம் எறங்குறோம்" என்று சொல்லிவிட்டுப் படகிலேயே உட்கார்ந்து சீட்டாடினார்களாம்.

உன் மாமா சீஃப் தாரிக்கு நான்கு கடிதம் போட்டேன். நான்குக்கும் ஒரே பதில்: "நாங்கள் நலம். மழை நன்றாகப் பெய்கிறது." அவ்வளவுதான்.

நீ பள்ளிக்கூட டீச்சர். கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறவள் அந்த ஊரில் நீ ஒருத்திதான். அந்தத் தடை ஓலையை வைத்தது யார்? பெயரை மட்டும் எழுது, போதும். பன்றி கேட்டால் பன்றி, படகுக்கு எஞ்சின் கேட்டால் எஞ்சின். அவனை வழிக்குக் கொண்டுவருவது என் பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாசில்

வத்துலோலோ
பிப்ரவரி 26

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர் பாசில் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இங்கே கொப்பரை ஏற்ற வருகிற ஆட்கினின் படகில் வந்து சேர்ந்தது. பெயரை மட்டும் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பாசில்.

வேறு பாசில் இந்தத் தீவில் கிடையாது. தாங்களேதான். பன்றி வேண்டுமா, எஞ்சின் வேண்டுமா என்று கண்ணாடி முன்னால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "மறந்துட்டானா?" என்றார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். "நெசமாவே மறந்துட்டானா, எட்னா?" என்றார் மறுபடியும். பிறகு எழுந்து மழையிலேயே கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த மனுஷர் முகத்தை அன்று பார்த்திருந்தால் நீங்கள் இந்த ஜன்மத்தில் ஓட்டுக் கேட்கப் போகமாட்டீர்கள்.

போதும், நீங்கள் நீங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. கேள் பாசில். எண்பதாம் வருடம் ஜூலை மாதம். தோட்டத் துரை வெடி போட்டு நம் கரையில் மீன் அள்ளிக்கொண்டிருந்த காலம். சுதந்திரக் கொடியேற்றத்துக்கு விலா போகக் கப்பல் ஏறும் முன்னால் நீ நமேலே ஓலையை வெட்டிவந்து மணலில் நட்டாய். "இன்னியிலேருந்து இந்தத் தண்ணில யாரும் கை வைக்கக் கூடாது. துரையும் சரி, நம்மாளும் சரி. கொடி ஏறின மறுநா நானே வந்து இத எடுப்பேன். மொத மீன் எனக்கும் எட்னாவுக்கும் கல்யாணச் சாப்பாடு!" என்று கத்தினாய். ஊரே ஆர்ப்பரித்தது. நான் வெட்கத்தில் என் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நீ வரவில்லை. ஓலை காய்ந்தது, மட்கியது, ஒரு புயலில் நட்ட மணலே போய்விட்டது. ஆனால் வாக்கு நின்றது. இன்றுவரை வத்துலோலோ ஆட்கள் ஒருவரும் அந்தத் தண்ணீரில் இறங்கவில்லை. மீன் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் மலையேறி இறங்கி, பக்கத்து ஊர்க்காரனிடம் கேட்டு, அவன் கரையில் பிடிக்கிறோம். புயலுக்குப் பிறகு தோட்டமெல்லாம் போய், காட்டுக்கிழங்கும் டின் மீனும் தின்ற ஐந்து மாதமும் இறங்கவில்லை. கண்ணெதிரே மீன் துள்ளிக்கொண்டிருக்க, டின்னைத் திறந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

"சொல்லி அனுப்பலாமே மாமா" என்று நான் எத்தனையோ தடவை கேட்டேன். "பெரிய ஆளாயிட்டான். நம்ம கரைய பெருசா எதுக்கோ வெச்சிருக்கான். அவசரப்படுத்தாத" என்பார். அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நம்பியது.

ஒன்று சொல்கிறேன், கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு. நீ ஒருநாள் பாறைமேட்டில் நின்று இந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். எனக்கு அதைச் சரியாக எழுத வராது. கடல் வற்றும்போது கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம் மேடுவரை கேட்கிறது. மடவை மீன் கூட்டம் திரும்பும் இரைச்சலில் மழை வந்துவிட்டது என்று பெண்கள் துணியை எடுக்க ஓடுகிறார்கள். ஆளுயரச் சிப்பிகள் நீல உதட்டைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. நம் தாத்தாக்கள் காலத்தில்கூட இப்படி இருந்ததில்லை என்கிறார் மாமா. இதை உண்டாக்கியது உன் மறதியும் எங்கள் முட்டாள்தனமும் என்று நினைத்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

எட்னா

போர்ட் விலா
மார்ச் 10

எட்னா,

உன் கடிதத்தை நாடாளுமன்ற வாசலில் நின்று பிரித்தேன். உள்ளே ஓட்டெடுப்புக்கு மணி அடித்தது. நான் போகவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு நின்ற ஆள், "உடம்புக்கு முடியலையா மச்சான்?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறந்துவிட்டேன். பொய் சொல்லப் போவதில்லை. சுத்தமாக, முழுசாக மறந்துவிட்டேன். கொடி ஏறியபோது நான் அழுதது ஞாபகம் இருக்கிறது. மறுநாள் ஊருக்குக் கப்பல் இருந்தது ஞாபகம் இருக்கிறது. "ஒரு வாரம் இருந்துட்டுப் போ, எழுதத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று கட்சிப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அவர் மகளைத்தான் கட்டிக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். மூன்று வருடமாக அவள் நூமியாவில் அவள் அக்காவோடு இருக்கிறாள் என்பது தெரியாமல் இருக்கலாம்.

ஓட்டுக் கேட்கத் தீவுக்கு வந்தபோதெல்லாம் விமானத்தில் மறுபக்கம் இறங்கி, அங்கேயே பேசிவிட்டு ஓடிவிடுவேன். காரணம் ஓலை அல்ல, நீ. உன் எதிரில் நிற்க முகம் இல்லை.

எட்னா, இங்கே என் வார்த்தையை என் டிரைவர்கூடச் சாயங்காலம் வரை நம்புவதில்லை. நிலம் நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கே என்று மேடை மேடையாகக் கத்தினோமே, அதை நாங்களே எத்தனை மாதம் காப்பாற்றினோம்? அங்கே ஒரு பொடியன் வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டுப் போன சொல்லை ஓர் ஊரே பட்டினி கிடந்து தாங்கியிருக்கிறது. படித்ததிலிருந்து எனக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஆனாலும் வேலை நடக்க வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தடையை நீக்குகிறேன் என்று டைப் அடித்து, முத்திரை குத்தி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு. மாமாவிடம் கொடுத்து ஊர்க்கூட்டத்தில் வாசிக்கச் சொல்.

பாசில்

வத்துலோலோ
மார்ச் 24

பாசிலுக்கு,

தாளை வாசித்தோம். ஊர் முழுக்க வந்திருந்தது. முத்திரையைக் கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் பார்த்தார்கள். அழகான முத்திரை என்றார்கள். மாமா கடைசியாக வாங்கி, "இதுக்குக் கால் இருக்கா?" என்று கேட்டார். "கரைக்கு நடந்து வந்து, பன்றிய அடிச்சு, வாயத் தொறந்து சொல்லுமா?" பெண்கள் சிரித்த சிரிப்பில் குழந்தைகள் விழித்துக்கொண்டன. தாள் இப்போது மாமா வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் செருகியிருக்கிறது.

முறை உனக்குத் தெரியாததல்ல. வைத்தவன் தன் காலால் வர வேண்டும். கோரைப்பல் முழு வட்டம் வளைந்த பன்றி வேண்டும், அதுவும் உன் வீட்டுப் பன்றி. உன் வீட்டுப் பன்றி எங்கே இருக்கிறது என்று கேட்பாய். இருக்கிறது. உன் அம்மா வளர்த்தது. அவர் போன பிறகு நான்தான் கட்டிப்போட்டுத் தீனி போடுகிறேன்.

அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. கடைசி மாதத்தில் அவருக்கு வாய் எதையும் ஏற்கவில்லை. "நம்ம கரை மீனு கொஞ்சம் கிடைச்சா நல்லாருக்கும், கண்ணு" என்றார். பக்கத்து ஊர்க் கரையில் பிடித்துக் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நம்ம மீனு இல்ல" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்பவே எறங்கிப் புடிச்சிட்டு வரேன் அத்தை, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த எலும்புக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. "என் புள்ள வெச்ச ஓலை. அவன் வந்து எடுப்பான். நான் ஒடச்சேன்னு பேர் வேண்டாம்" என்றார்.

நீ அப்போது ஏதோ மாநாட்டுக்கு ஜெனிவா போயிருந்தாய். வானொலியில் உன் பேச்சைப் போட்டார்கள். தாய் மண்ணைப் பற்றிப் பேசினாய்.

நான் உன்னைக் காதலித்தேன் பாசில். இப்போது எழுத வெட்கமில்லை. நீ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். அந்த ஒரு வாய்க் குழம்பை என்னால் விழுங்க முடியவில்லை.

எட்னா

போர்ட் விலா
ஏப்ரல் 9

எட்னா,

மூன்று தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு வரியும் எழுத வரவில்லை.

இருபதாம் தேதி கப்பலில் வருகிறேன். கம்பெனிக்காரரும் மாலகுலா ஆட்களும் கூட வருகிறார்கள். மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஓலையை எடுக்கத்தான் வருகிறேன். எடுக்காவிட்டால் இங்கே எனக்கு ஒன்றும் மிஞ்சாது. அங்கே முன்னாலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. உன்னிடம் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நீ கரையில் இருப்பாயா?

பாசில்

வத்துலோலோ
ஏப்ரல் 15

இருப்பேன். ஷூ போட்டுக்கொண்டு வராதே. வந்தால் மாமா உன்னோடு பேசமாட்டார்.

எட்னா

கப்பல் தளத்திலிருந்து
ஏப்ரல் 21

எட்னா,

கண்ணில் பட்டது கலைந்துபோகும் முன்னால் எழுதிவிட வேண்டும் என்று சாக்குமூட்டை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மேளம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வசவாவது இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. நாற்பத்தொரு வீட்டு ஆட்களும் மணலில் வரிசையாக நின்றார்கள், கைக்குழந்தையோடு, கைத்தடியோடு. நடுவில் ஒரு பச்சை நமேலே ஓலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா மெதுவாகச் சொன்னார், "நேத்துதான் நட்டேன். எடுக்குறதுக்கு ஏதாச்சும் இருக்கணும் இல்ல." என் மேல் இவ்வளவு வருத்தம் உள்ள மனுஷர், நான் எல்லார் முன்னாலும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று பார்த்திருக்கிறார்.

நீ பன்றியின் கயிற்றைக் கொடுத்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா வளர்த்த பன்றியை நான் அடித்தேன். ஒரே அடியில் விழவில்லை, இரண்டு அடி ஆயிற்று. ஓலையைப் பிடுங்கி, "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. மறுபடி கத்தினேன். சிறுபிள்ளைகள்கூட ஒரு அடி வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே தண்ணீரில் கால் வைத்தேன்.

எட்னா, மீன்கள் ஓடவில்லை. மனிதனைப் பார்த்தே இராத மீன்கள். என் கணுக்காலை வந்து முகர்ந்து பார்த்தன. முழங்கால் ஆழத்தில் பச்சையும் நீலமுமாக, என் கை நீளத்துக்குக் கிளிமீன்கள், நான் ஒரு கல் என்பதுபோல என்னைச் சுற்றிக்கொண்டு போயின. அதற்கு அப்பால் ஒரு ஆமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் திரும்பியது. நான் ஜெனிவா பார்த்திருக்கிறேன், பாரிஸ் பார்த்திருக்கிறேன். என் வாய் இப்படித் திறந்து நின்றது இதுதான் முதல் தடவை. பூசை நடுவில் சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டவன் மாதிரி இருந்தது. அடுத்த அடி வைக்கவும் பயம், பின்னால் போகவும் பயம்.

அப்போதுதான் நீ கூடையோடு இறங்கினாய். ஒருவரிடமும் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீர்வரை போய், ஒரே ஒரு மீனைப் பிடித்தாய். கரையேறி, தீ மூட்டி, சுட்டு, எங்கள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து முழுசாகத் தின்றாய். அத்தனை பேரும் அது முடியும்வரை மூச்சுவிடாமல் நின்றார்கள்.

பிறகு மாமா, "பாசிலு, நீ வெச்சத நீ எடுத்துட்ட. லேட்டானாலும் சொன்னபடி செஞ்ச. இப்ப நாங்க வெக்கிறோம்" என்றார். வீட்டுக்கு ஒருவராக வந்து ஆளுக்கு ஒரு ஓலை நட்டார்கள். கிழவிகள் மண்டி போட்டு நட்டார்கள். கம்பெனிக்காரர் என்னிடம், இதை யார் எடுக்க முடியும் என்று கேட்டார். மாமாவிடம் கேட்டுச் சொன்னேன்: அத்தனை வீடும் சேர்ந்து வந்தால்தான். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு படகுக்குத் திரும்பினார். மாலகுலா ஆட்கள் ஏற்கெனவே படகில் சீட்டுக்கட்டைப் பிரித்திருந்தார்கள்.

பட்டியலில் என் பெயர் இருக்காது, நிச்சயம். ஆச்சரியமாக, அது வலிக்கவில்லை. எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் "இறங்குங்கள்" என்றபோது ஊரே நின்றது, நீ மட்டும் இறங்கினாய். என் வார்த்தையை நீ ஒருத்தி மட்டும் ஏற்றுக்கொண்டாய். அப்படியென்றால் இன்னும் ஏதோ இருக்கிறது, இல்லையா? நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். அம்மா வீட்டுக்குக் கூரை போடுகிறேன். நீ ஒரு வார்த்தை சொல்.

பாசில்

வத்துலோலோ
மே 7

பாசிலுக்கு,

ஊருக்கு வா. கூரை போடு. மாமா உன் அம்மா வீட்டுக்கென்று ஓலை வரிசையில் ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறார். நீ வந்து நட்டால் நாற்பத்திரண்டு. உன் சம்மதமும் இல்லாமல் இனி யாரும் எடுக்க முடியாது. ஊர் உன்னைத் திட்டும், சோறும் போடும்.

ஆனால் என்னை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். அதைச் சரிசெய்யாமல் நீ வரக் கூடாது.

அன்று நீ ஓலை வைத்தபோது தண்ணீரைச் சொன்னாய், அதே மூச்சில் என்னையும் சொன்னாய். ஊர் இரண்டையும் காத்தது. யாரும் மீனைத் தொடவில்லை. யாரும் என்னையும் பெண் கேட்கவில்லை. நீ விலாவில் கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்த பிறகும் கேட்கவில்லை. "பாசிலு இன்னும் எடுக்கலியே" என்பார்கள், நல்ல மனதோடு. ஆட்கின் ஏழு வருடமாகக் கொப்பரை ஏற்ற வருகிறான். என் வாசல்வரை வந்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கரைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "உப்பு இருக்கா டீச்சர்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவான். என் வீட்டு உப்பிலேயே அவன் ஒரு கடை வைத்திருக்கலாம். எனக்கு முப்பத்திரண்டு வயது, பாசில். அந்த மீன்களாவது நீந்தின. நான் பாறைமேட்டில் நின்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நீ ஓலையைப் பிடுங்கினாய். தண்ணீர் ஊருடையது, அதை என்ன செய்வது என்று ஊர் பார்த்துக்கொண்டது. நான் என்னுடையவள். அதனால் இறங்கினேன். அந்த மீன் உனக்குச் சமைத்ததல்ல. உன் அம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கலாமா என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு அவர் பங்கையும் நானே தின்றேன். அவ்வளவு ருசியான ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை. அழுதுகொண்டே தின்றேன், அதனால்தான் முதுகைக் காட்டினேன்.

உன் கப்பல் முனையைத் தாண்டியதும் ஆட்கின் வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "எட்னா, இப்ப கேக்கலாமா?" என்றான்.

"நாளைக்குக் கேளு" என்றேன். "இன்னிக்கு ஒரு நா நான் யாருக்கும் இல்லாம இருந்துக்குறேன்."

மறுநாள் காலை அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் முன்னாலேயே வந்து நின்றான். கேட்டான். சரி என்றேன்.

எட்னா